சத்தம் எங்கே போகிறது? கால்பந்து கேலரியின் கணக்கும் போடி மலைச்சரிவும்

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. 2018-19 ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஐ-லீக்கைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வென்றது அதுவே முதல் முறை. இந்தியாவின் சாம்பியன் அணி விளையாடிய அந்த மைதானத்தில் கோல்போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ரசிகருக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே ஓர் ஓடுபாதை கிடந்தது. அவர் எவ்வளவு கத்தினாலும் அந்தக் கத்தலில் பாதி ஓடுபாதையைத் தாண்டுவதற்குள் செத்துவிடும்.

இது கோவையின் குறை மட்டும் இல்லை. சென்னை நேரு விளையாட்டரங்கம், பெங்களூரு கண்டீரவா, ஜம்ஷெட்பூரின் ஜே.ஆர்.டி. டாடா வளாகம், கொல்கத்தாவின் சால்ட் லேக் எல்லாமே ஓடுபாதையைச் சுற்றிக் கட்டியவை. ‘நம்ம ஊர் ரசிகனுக்குக் கால்பந்து ஆர்வம் இல்லை, அதனால்தான் கிரவுண்டில் களை இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கேலரியை அளந்து பார்த்தால் குற்றம் வேறு இடத்தில் இருப்பது தெரியும்.

400 மீட்டர் ஓடுபாதையின் சர்வதேச அளவு இது: நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர், ஓடுதடம் ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலம். எட்டுத் தடம் என்றால் கிட்டத்தட்ட 9.8 மீட்டர். இதற்குள் 105-க்கு 68 மீட்டர் கால்பந்துக் களத்தை நட்டநடுவில் வைத்தால், பக்கவாட்டில் கோட்டிலிருந்து 12 மீட்டரில் ஓடுபாதை முடிந்துவிடுகிறது. கோல்போஸ்டுக்குப் பின்னால்தான் வம்பு. அங்கே அரைவட்ட வெற்றிடம் 26 மீட்டர், அதன் பின் ஓடுபாதை, அதன் பின் வேலி. முதல் வரிசை ரசிகரே 40 மீட்டர் தள்ளி உட்கார்கிறார். உலகில் பெரும்பாலான ஊர்களில் உரக்கப் பாடும் கூட்டம் கோல்போஸ்டுக்குப் பின்னால்தான் திரளும். அந்தக் கூட்டத்தைத்தான் நாம் 40 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறோம்.

திறந்தவெளியில் ஓரிடத்திலிருந்து கிளம்பும் சத்தம், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். 10 மீட்டரில் நிற்பவரின் குரலும் 40 மீட்டரில் நிற்பவரின் குரலும் களத்தில் இருப்பவருக்கு 12 டெசிபெல் வித்தியாசத்தில் கேட்கும். 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். பெருங்கூட்டம் ஒரு புள்ளி அல்ல என்பதால் நடைமுறையில் இழப்பு இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் போக்கு இதுதான்.

தூரத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஓடுபாதை உள்ள அரங்கில் ஒரு கோல்முனைக் கேலரியிலிருந்து எதிர்முனைக் கேலரிக்கு 200 மீட்டர் இருக்கும். இங்கே அடித்த கை அங்கே கேட்க அரை நொடிக்கு மேல் ஆகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்ற தாளத்தில் ஒரு கோஷம் போனால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளியே அரை நொடிதான். எதிர்ப்பக்கம் சேர்ந்து பாட முயன்றால் முழுசாக ஓர் அடி பின்தங்கியே பாடும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று குழப்பி, கடைசியில் விசிலும் இரைச்சலும்தான் மிஞ்சும். ஒரே இடத்தில் நெருங்கி நிற்கும் மூவாயிரம் பேர், அரங்கம் முழுக்கச் சிதறிய பதினைந்தாயிரம் பேரைவிடக் கணீரென்று பாடுவதற்கு இதுவே காரணம். கூட்டத்தைக் குவிப்பது கட்டடக்காரர் கையில் இருக்கிறது.

ரசிகர்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். சென்னையின் எஃப்.சி. ரசிகர்களில் ஒரு கூட்டத்துக்குப் பெயர் ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’. பெங்களூருக்காரர்கள் ‘வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்’. கேலரியின் பெயரையே தங்கள் பெயராகச் சூட்டிக்கொண்டு, அரங்கம் தராத ஒரு முனையைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டவர்கள். ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணிக்கு இதைக் கட்டடமே செய்துகொடுத்தது. அங்கே தெற்குக் கேலரியில் சுமார் 25,000 பேர் ஒரே சரிவில் நின்றபடி பார்க்கிறார்கள். லண்டனில் 2019-இல் திறந்த டாட்டன்ஹாம் அரங்கத்தின் தெற்குக் கேலரியும் நடுவில் தளம் பிரிக்காத ஒரே அடுக்கு. 17,500 பேர்.

இனிச் சரிவு. கேலரியின் சாய்வை வடிவமைப்பவர்கள் ‘சி மதிப்பு’ என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். உங்கள் கண்ணிலிருந்து களத்தின் பக்கத்துக் கோட்டுக்கு ஒரு நேர்கோடு போட்டால், அது முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதுதான் அது. 6 சென்டிமீட்டர் இருந்தால் சமாளிக்கலாம், 9 நல்லது, 12 அருமை. இந்த அளவு கிடைக்க ஒவ்வொரு படியும் எவ்வளவு உயர வேண்டும் என்பது இரண்டைப் பொறுத்தது: கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, களம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. களம் கிட்டே வந்தால் படி செங்குத்தாக வேண்டும். தள்ளிப் போனால் படி தட்டையாகவே இருந்தாலும் போதும்.

ஓடுபாதை செய்யும் இரண்டாவது அநியாயம் இங்கேதான். முதல் வரிசையின் கண்மட்டம் களத்திலிருந்து ஒன்றரை மீட்டர், படியின் அகலம் 80 சென்டிமீட்டர், வேண்டிய சி மதிப்பு 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். களக்கோடு 6 மீட்டரில் இருந்தால் படியின் உயரம் 30 சென்டிமீட்டர் வேண்டும். 40 மீட்டரில் இருந்தால் 12 சென்டிமீட்டரே போதும். உயரம் குறைந்தால் சிமென்ட்டும் கம்பியும் குறையும், எஸ்டிமேட் குறையும். ஆகவே ஓடுபாதை அரங்கங்களின் கேலரி சாம்பார் தட்டு மாதிரி விரிந்து படுத்துவிடுகிறது. பின்வரிசைக்காரர் இன்னும் பின்னால் தள்ளப்படுகிறார். தட்டையான கேலரியில் முன்னால் இருப்பவரின் முதுகும் பின்னந்தலையும் உங்கள் சத்தத்தை வாங்கி விழுங்கிக்கொள்ளும். செங்குத்தான கேலரியில் அவர் தலைக்கு மேலாகவே அது களத்தில் போய் விழும். பியூனஸ் அயர்ஸின் லா பொம்பொனேரா அரங்கத்துக்கு நிலம் போதவில்லை, அதனால் மூன்று பக்கம் செங்குத்தாக ஏற்றினார்கள். உலகமே அதன் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறது.

தூரம்தான் எல்லாம் என்று இங்கேயே முடித்துவிட முடியாது. கொச்சி கலூர் அரங்கம் குறுக்கே நிற்கிறது. 1996-இல் திறந்த அது கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டிய வட்ட வடிவம், களம் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர் அணியின் ரசிகர் படையான மஞ்ஞப்பட கூடும் நாளில் அங்கே பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கேலரி அடுக்கடுக்காக மேலேறுவதும், மேலே கூரை கவிந்திருப்பதும், எல்லோரும் ஒரே அணிக்காரர்களாக இருப்பதும் சேர்ந்து தூரத்தை ஓரளவுக்கு ஈடுகட்டிவிடுகின்றன. கூரை இல்லாவிட்டால் சத்தத்தில் பெரும்பங்கு வானத்துக்குப் போகும். தாழ்வான, முன்பக்கம் நீண்ட, கடினப் பரப்புள்ள கூரை அதைத் திருப்பிக் களத்துக்கு அனுப்பும். சாதாரணத் தகரக் கூரைக்கும் இந்தக் குணம் உண்டு.

அந்தக் கூரையை நாம் எங்கே போடுகிறோம்? தமிழ்நாட்டில் எந்த மாவட்ட மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். ஒரே ஒரு கேலரிக்குக் கூரை இருந்தால், அது முக்கிய விருந்தினர் மேடையின் மேல் இருக்கும். சால்வை போர்த்துகிறவர்களும் போர்த்திக்கொள்கிறவர்களும் உட்காரும் இடம் அது. ஆட்டத்தின்போது அரங்கிலேயே மிக அமைதியான இடமும் அதுதான். பாடுகிறவன் வெயிலில் நிற்கிறான்.

கிட்டே, செங்குத்தாக, நெருக்கமாக: இந்த மூன்றையும் பொறியாளர் யாருமில்லாமல் சாதித்தது மலபாரின் செவன்ஸ் கால்பந்து. அணிக்கு ஏழு பேர், சிறிய களம், அறுவடை முடிந்த வயலோ பள்ளி மைதானமோ எதுவானாலும் சரி. சுற்றிலும் கமுகும் மூங்கிலும் கட்டிய தற்காலிகக் கேலரி. கோட்டோரம் தரையில் உட்கார்ந்தவரின் காலில் பந்து வந்து மோதும். ஆட்டக்காரர் திட்டுவது கேலரிக்குக் கேட்கும், கேலரி திட்டுவது ஆட்டக்காரருக்குக் கேட்கும். களை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தென்னிந்தியாவில் கிடையாது.

அதே கேலரிதான் சரிந்தும் விழுகிறது. 2020 ஜனவரியில் பாலக்காட்டில், களத்திலேயே உயிரிழந்த வீரர் தனராஜனின் குடும்பத்துக்காக நடத்தவிருந்த ஆட்டத்துக்கு முன்பு தற்காலிகக் கேலரி இடிந்து பலர் காயமடைந்தார்கள். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்கோட்டில் செவன்ஸ் ஆட்டத்தின்போது இன்னொரு கேலரி சாய்ந்தது. கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது அதன் எடை கீழ்நோக்கி மட்டுமே இருக்கும். எல்லோரும் சேர்ந்து தாளத்துக்குக் குதித்தால், நொடிக்கு இரண்டு மூன்று முறை அந்த எடை இடித்து இடித்து இறங்கும், பக்கவாட்டிலும் தள்ளும். நேர்க்கால்கள் மட்டும் உள்ள கட்டு அந்த ஆட்டத்தில் சாயும். குறுக்குச் சட்டங்கள் வேண்டும், அடியில் மண் இறுகியிருக்க வேண்டும், ஏற்றும் ஆட்களுக்கு வரம்பு வேண்டும். கொச்சி அரங்கத்தின் கொள்ளளவையே 2017-இன் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகப் பெருமளவு குறைத்தார்கள், ஆட்களை வேகமாக வெளியேற்ற வழி போதாது என்று.

பாதுகாப்பைப் பேசாமல் களையை மட்டும் பேசுவது அயோக்கியத்தனம். 1980 ஆகஸ்ட் 16-இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ரசிகர்கள் ஒரே கேலரியில் கலந்திருந்தபோது மூண்ட மோதலும் நெரிசலும் 16 பேரைப் பலிகொண்டன. 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் நிற்கும் கேலரி நெரிசலில் அடிபட்டவர்களில் 97 பேர் இறந்தார்கள். அதன்பின் இங்கிலாந்தின் பெரிய அரங்கங்களில் நின்று பார்ப்பதே தடையானது. 2022 ஜனவரியில்தான், ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு கம்பி பொருத்திய முறையில், சோதனையாகச் சில அரங்கங்களில் அதைத் திரும்ப அனுமதித்தார்கள். முன்வரிசைமேல் யாரும் சரிந்துவிட முடியாத கம்பி அது. நின்று பாடலாம், நெரிசல் அலை கீழே இறங்காது. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்ய முடியாத வேலை இல்லை.

இனி போடிக்கு வருவோம். போடிநாயக்கனூரில் கால்பந்துக்கென்று கட்டிய பெரிய அரங்கம் கிடையாது. ஏலக்காய் ஏலமும், விடிகாலையில் முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறித் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளும்தான் ஊரின் அடையாளம். மலைக்கு மேலே ஆட்டம் பழசு. மூணாறு தேயிலைத் தோட்டங்களின் எஸ்டேட் அணிகளுக்குள் நடக்கும் ஃபின்லே ஷீல்டு போட்டிக்குத் தோட்டத் தொழிலாளர்களே ஆட்டக்காரர்கள், அவர்களே ரசிகர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஷீல்டுக்குப் பெயர் கொடுத்த ஃபின்லே கம்பெனியின் தேயிலை ஒரு காலத்தில் குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவட ஊஞ்சலில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் வெளியே போனது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது.

மலையூர்களில் மைதானம் அமைக்கும் விதத்திலேயே கேலரி ஒளிந்திருக்கிறது. சரிவில் சமதளம் வேண்டுமென்றால் மேற்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்ப வேண்டும். வெட்டிய பக்கம் மேடாக நிற்கும். ஜனம் போய் உட்காருவது அந்த மேட்டில்தான். 2016-17 ஐ-லீக்கை வென்ற ஐஸால் அணியின் ஊரும் மலைச்சரிவில் தொங்கும் ஊர். போர்ச்சுகலின் பிராகாவில் 2004 யூரோ கோப்பைக்காக எடுவார்டோ சோட்டோ டி மோரா ஒரு கல்குவாரிக்குள்ளேயே அரங்கம் கட்டினார். இரண்டு நீளப் பக்கங்களில் மட்டும் கேலரி, ஒரு கோல்போஸ்டுக்குப் பின்னால் வெறும் பாறை. கட்டடக்கலையில் அது பெரிய சாதனை. களையைப் பொறுத்தவரை எனக்கு அதில் மனம் நிறையவில்லை. பாடும் முனையையே எடுத்துவிட்டு அழகை வைத்திருக்கிறார்.

போடியின் அடிவாரத்தில், வனத்துறை எல்லைக்கு வெளியே, மேற்கில் சரிவு ஏறும் ஓர் இடத்தில் களத்தை வடக்கு தெற்காகப் போடுவதாக வைத்துக் கணக்கிட்டேன். மலை மேற்கே இருப்பதால் மாலை நாலரைக்கு மேல் ரசிகருக்கு வெயில் முதுகுப் பக்கம், பிறகு களம் முழுவதும் மலைநிழல். படியின் அகலம் 80 சென்டிமீட்டர், உயரம் 40 என்று வெட்டினால் சாய்வு ஏறக்குறைய 27 டிகிரி. களக்கோட்டிலிருந்து 5 மீட்டரில் முதல் வரிசை. இந்த அளவில் பதினைந்தாவது வரிசை வரை சி மதிப்பு 6 சென்டிமீட்டருக்குக் குறையவில்லை. அதற்கு மேலே அதே 40 சென்டிமீட்டரில் போனால் இருபதாவது வரிசையில் 5-க்கு இறங்கிவிடுகிறது. மேல் ஐந்து வரிசைகளை 45 சென்டிமீட்டராக உயர்த்தினால் சரியாகிவிடும். அடிவாரத்தில் சாய்வாகத் தொடங்கி மேலே போகப்போகச் செங்குத்தாவதுதான் மலையின் பொதுவான போக்கு என்பதால், கேலரிக்கு வேண்டிய வளைவை நிலமே பாதி போட்டுக் கொடுத்துவிடுகிறது. 100 மீட்டர் நீளம், ஆளுக்கு அரை மீட்டர், இருபது வரிசை. நடைபாதைக்கு இடம் விட்டாலும் 3,500 பேர் உட்காரலாம். தூணே இல்லாததால் சரிந்து விழும் பயமும் இல்லை.

பயம் வேறு இருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் வெட்டிய மண் இளகி இறங்கும். கேலரிக்கு மேலே நீர் திருப்பும் வாய்க்கால், ஒவ்வொரு நாலைந்து படிக்கும் கல்கட்டு, கீழே வடிகால் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஏலத்தோட்டத்தில் மண்ணைக் காக்கக் கல்கட்டு வைக்கத் தெரிந்த கைகள் போடியில் ஏராளம் என்பது ஆறுதல். இன்னொன்று, மண்மேடு சத்தத்தைத் திருப்பாது, உறிஞ்சும். ஆனி ஆடியில் மேல்காற்று வேறு அடிக்கும். ஆகவே மலைக்கேலரி பார்ப்பதற்கு. பாடுவதற்குத் தெற்கு கோல்போஸ்டுக்குப் பின்னால் தனியாக ஒன்று வேண்டும்: கோட்டிலிருந்து 6 மீட்டரில் தொடங்கி, பத்து வரிசை, இடுப்புக் கம்பி, பின்சுவர், தாழ்ந்த தகரக் கூரை. பறையும் உறுமியும் அங்கேதான் நிற்க வேண்டும், அரங்கின் நாலு மூலையிலும் அல்ல. அரை நொடிக் கணக்கை மறக்க வேண்டாம்.

பெண்கள் வந்து உட்காரும் கேலரியாக அது இருக்க வேண்டுமென்றால் வெளிச்சமுள்ள படிக்கட்டும் தண்ணீர் வரும் கழிப்பறையும் வேண்டும். பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டுக் களையைத் தேடுவதில் அர்த்தமில்லை.

‘ஓடுகிற பிள்ளைகள் எங்கே போவார்கள்?’ என்ற கேள்வி நியாயமானது. ஒரே ஒரு மைதானம் உள்ள ஊரில் ஓடுபாதையைப் பறித்துவிட்டுக் கால்பந்துக்குக் கொடு என்று கேட்க முடியாது. யுவென்டஸுக்கு அது சாத்தியமானது. ஓடுபாதையோடு 1990-இல் கட்டிய டெல்லே அல்பியை இடித்துவிட்டு, அதே இடத்தில் சுமார் 41,000 பேருக்கான சிறிய அரங்கத்தை 2011-இல் திறந்தார்கள். கொள்ளளவைக் குறைத்துக் களையைக் கூட்டிய கதை அது. நமக்கு எளிய வழி இருக்கிறது. கோல்போஸ்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் அந்த 26 மீட்டர் அரைவட்டத்தில், ஆட்ட நாளில் மட்டும் கழற்றிப் பூட்டும் இரும்புக் கேலரி ஒன்றை வைக்கலாம். பாரிஸின் ஸ்டாட் டி பிரான்ஸில் கீழடுக்குக் கேலரியே ஓடுபாதையின் மேல் முன்னால் நகர்ந்து வரும்படி 1998-இல் செய்திருக்கிறார்கள். சக்கரமும் எந்திரமும் நமக்கு வேண்டாம், போல்ட்டும் நட்டும் போதும். பொதுப்பணித்துறைச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும்.

புதுக் கட்டடம் வந்தால் பழைய களை தானாகக் கூடவே வந்துவிடாது என்பதற்கு மதுரைப் பக்கமே சாட்சி இருக்கிறது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரி 24 அன்று பிரமாண்டமான ஏறுதழுவுதல் அரங்கம் திறந்தார்கள். பொங்கலையொட்டிய அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு இன்றும் ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில்தான் நடக்கிறது. மாடும் ஆளும் கேலரியும் முட்டிக்கொள்ளும் நெருக்கம் அங்கேதான் இருக்கிறது.

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்து, முதல் கட்டத்துக்குத் தலா 3 கோடி ரூபாய் ஒதுக்கியது. போடியும் ஒரு தொகுதி. இப்படி எந்த அரங்கத்தின் வரைபடம் மேசைக்கு வந்தாலும் அதில் கூரை எந்தக் கேலரியின் மேல் வரைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். விருந்தினர் மேடையின் மேல் இருந்தால், அதை அழித்து கோல்போஸ்டுக்குப் பின்னால் வரையச் சொல்லிக் கேளுங்கள். விருந்தினருக்கு ஒரு சாமியானா போதும்.